சுருக்கமா ஒரு முடிவு ஜெபம்

எல்லாரும் கண்ண மூடுங்கன்னு எங்க சபை உபதேசியார் சொல்லியாச்சு, எல்லாரும் மூடியாச்சு, நான் மூடல. ஏசப்பா, நீரு பாத்துக்கிட்டுதான் இருக்கீரு, ஒம்மகிட்ட மறைச்சு என்ன ஆவப்போவுது. முக்காட்ட மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுட்டு அதுக்குக் கீழால பாத்துக்கிட்டு இருக்கேன். பாயில எல்லாரும் மொழங்கால்ல நிக்காவ. முன்னால வரிசையா உபதேசியார், அடுத்து என் மருமவன் கிளாட்சன், அடுத்து என் வீட்டுக்காரர் ஞானதுரை சாரு, ஆக வலப்பக்கத்துல சுவரோரமா என் மவ எப்சிபா. பின்னால அடுப்படி வாசல ஒட்டி நான் ஒருத்தி. எனக்கு எப்பவும் இந்த எடந்தான், குக்கர் விசில் அடிச்சா ஓடணும்லா. எனக்கு நேர் முன்னால கிளாட்சனுக்க பிடரி. பேண்ட்டுல அழுக்குப் படக்கூடாதுன்னு கைக்குட்டைய விரிச்சு அதுமேல மொழங்கால ஊனியிருக்கான். பிடரியில பவுடர் போட்டிருக்கான், காலருக்கு மேல ஒரு மடிப்பு, அந்த மடிப்புல பவுடர் வேர்வையோட திரிஞ்சு போயி நிக்கி. சாயந்தரம் சீலா மீனுக்குத் தலைய எடுத்தேன், செவுளுக்குப் பின்னால சரியா இதே எடந்தான். அருவாமனைய கழுவி அடுப்படி மூலையில சாச்சு வச்சிருக்கேன். எட்டுனா எடுத்துரலாம். சே, என்ன நெனப்பு இது, ஜெப நேரத்துல. வாசப்படிகிட்ட எப்சிக்க பை கட்டி நிக்கி, அதுமேல அவன் கொண்டாந்த மக்ரூன் பாக்கெட்டு. தெருவுல கார் நிக்கி, டிரைவர் பாட்டுப் போட்டுக் கேக்கான். ஜெபம் முடிஞ்சதும் சாப்பாடு, சாப்பிட்டதும் என் பிள்ளைய அந்தக் கார்ல ஏத்திவிட்டுறணும். தூத்துக்குடிக்கு. அவங்கூட. அந்த வீட்டுக்கு. உபதேசியாரு ரெண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பு தேஞ்சு ஒரு சமாதானம் பண்ணி வச்சிருக்காவளாம். பண்ணும்வே, நல்லா பண்ணும், ஒமக்கு என்ன, போறது ஒம்ம மவளா.

மாப்ள ஆரம்பிங்க, பொறவு சாரு, பொறவு எப்சி, நான் ஒரு வார்த்த, அம்மா முடிவு ஜெபம் பண்ணிருவாவ, அவியன்னா சுருக்கமா முடிச்சிருவாவ, கார் வேற நிக்கி, அப்படீன்னு உபதேசியார் முன்னாலயே பங்கு வச்சாச்சு. இவிய, என் வீட்டுக்காரருதான், உடனே சிரிச்சாவ, அவ ஜெபம் ஒரு விசிலத் தாங்காதுன்னு. கிளாட்சனும் சிரிச்சான். எப்சி மட்டும் சிரிக்கல. சரி, உள்ளதுதான. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் ஒருநாளாவது ஒழுங்கா ஜெபம் பண்ணியிருக்கனா? ஸ்தோத்திரம் தகப்பனேம்பேன், பால் பொங்கும். என் பிள்ளையள ஆசீர்வதியும்பேன், பூனை சன்னல் வழியா வரும். ஒம்மகிட்ட நான் நெறைய பேசினது ஒரு கையில கரண்டிய வச்சுக்கிட்டுதான். இவிய வாத்தியார் உத்தியோகம் பாத்த மனுசன், ஜெபத்துலயும் ஆரம்பம் நடு முடிவுன்னு அழகா கட்டுவாவ, எனக்கு அதெல்லாம் வராது. அன்னா ஆரம்பிச்சுட்டான். அன்பும் கிருபையும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே. என்னா கொரலு. தேன வழிச்சு ஊத்துன மாதிரி. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் இப்படித்தான் ஜெபம் பண்ணினான், இவிய கண்ணுல தண்ணியே வந்துட்டு, தங்கம், ஜெபிக்கிற பையன், நம்ம பிள்ளைக்கு ஒரு கொறையும் வராதுன்னாவ. தங்கம்னா நாந்தான், தங்கபுஷ்பம். நானும் நம்புனேன். ஜெபிக்கிறவன் அடிப்பான்னு யாரு கண்டா.

பெலவீன பாத்திரமாகிய என் மனைவியை நான் பொறுமையோடு நடத்தத் தவறிவிட்டேன் ஆண்டவரே, அப்படீங்கான். தவறிட்டானாம். கை தவறி டம்ளர் விழுந்த மாதிரி சொல்லுதான். பேதியில போவான். எதுக்கு அடிச்சான்னு எம்பிள்ள எங்கிட்ட சொன்னது ஒரு தடவதான், அதுவும் துணி மடிக்கையில, போர்வையோட ரெண்டு மூலைய அவளும் ரெண்டு மூலைய நானும் பிடிச்சுக்கிட்டு நிக்கையில. எம்மா, குடும்ப ஜெபத்துல நான் கண்ணத் தொறந்துட்டேம்மா, அதுக்குத்தான் அடிச்சாருன்னா. நான் போர்வையக் கீழ விட்டுட்டேன். அடுப்புல ஏதோ கருகுன வாசம்னு கண்ணத் தொறந்து பாத்தாளாம். என் பிள்ளைலா. என்னய மாதிரி. நான் கத்துக்குடுத்த கெட்ட பழக்கம்லா அது. நான் தொறந்தா இவிய பொறவு தலைய ஆட்டி ஒரு வார்த்த சொல்லுவாவ, அவ்வளவுதான், அவ தொறந்ததுக்கு அவன் கன்னத்தோட சேத்து இழுத்து ஒண்ணு விட்டிருக்கான், தலை சுவத்துல போயி மோதியிருக்கு, அப்படியே ஜெபத்த முடிச்சானாம், ஆமென் வரைக்கும் சொல்லி முடிச்சானாம். எனக்கு அன்னையில இருந்து ஒண்ணுதான் விளங்கல ஏசப்பா. இவ கண்ணத் தொறந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? இவன் கண்ணு எங்க இருந்துச்சாம் அப்ப? இத நான் இவியகிட்ட கேட்டேன். இவிய, புருஷன்னா ஒரு கோவம் வரத்தான் செய்யும், நம்ம வளர்ப்பு அப்படியா, பொறுத்துப் போவணும்னு தினத்தாள விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டாவ. ஒரு அடிங்காவ. ஒரு அடிதானா? மண்டையில ஒரு எடத்துல முடி இல்ல எம்பிள்ளைக்கு. எண்ண தேய்க்கையில என் வெரலுக்குத் தட்டுப்பட்டுச்சு, வழுவழுன்னு. நான் அங்கனயே வெரல நிறுத்திட்டு, பொறவு மறுபக்கம் எண்ணய ஊத்தித் தேய்ச்சுவிட்டேன்.

இன்னும் முடிக்கல. அழுகைய வேற கூட்டுதான். உபதேசியாரு ஒவ்வொரு வரிக்கும் ஆமா தகப்பனே, ஆமா ஆண்டவரேங்காவ. அவியளுக்கு அது ஒரு வழக்கம், யாரு என்ன ஜெபிச்சாலும் வரிக்கு வரி ஆமா போட்டுருவாவ, தூக்கத்துலயும் போடுவாவ போல. மீன்கொழம்பு சிம்முல கெடக்கு. குக்கர்ல சோறு. ரெண்டாவது விசில் வந்தா நிறுத்தணும். மாங்கா போட்டேனா? போட்டேன். அவனுக்கு மாங்கா போட்ட மீன்கொழம்புன்னா உசுருன்னு போட்டேன், எனக்கு கோட்டிதான் பிடிச்சிருக்கு. எலி மருந்து பரண்மேல இருக்கு. மருந்த எடுத்துப் போடுறதுக்குப் பதிலா மாங்காய நறுக்கிப் போட்டிருக்கேன் பாரும். சாயந்தரம் நான் அருவாமனையில உக்காந்து இருக்கையில தண்ணி கேட்டு அடுப்படிக்குள்ள வந்தான். அத்தை, மீன் வாசம் தெருமுன வரைக்கும் தூக்குதேன்னான். காலு என் அருவா நுனிகிட்ட. வெள்ள வெள்ளேன்னு கழுவுன காலு, நகம் வெட்டுன காலு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா ஏசப்பா? ஒமக்குத் தெரியும். இடது கையால என் வலது மணிக்கட்டப் பிடிச்சேன். பிடிச்சு இறுக்குனேன். மீன் ரத்தம் வளையல் வரைக்கும் ஆயிட்டு. குடிச்சிட்டு டம்ளர வச்சிட்டுப் போனான், போனதுக்குப் பொறவும் நான் கைய விடல. எனக்கு என்னய நெனச்சே பயமா இருக்கு. மகளிர் சங்கத்துக்குத் தலைவியா இருந்தவ நான். வெள்ளிக்கிழம உபவாசம் இருக்கிறவ. ஒரு கோழிய அறுக்கணும்னாலும் பக்கத்து வீட்டு ஆள கூப்பிடுறவ. இப்ப கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே காணுதேன், அம்மிக்குழவிய ரெண்டு கையாலயும் தூக்கி அந்தப் பவுடர் மடிப்புல போட்டா எப்படி விழுவான், முன்னால விழுவானா, பக்கவாட்டுல விழுவானா, பக்கவாட்டுல விழுந்தா இவிய மேல விழுவானே, இவியளுக்கு இடுப்பு வேற சரியில்லையேன்னு அதுக்கும் சேத்து யோசிக்கேன். பாய் நாசமாப் போவும். புதுப் பாய். ஆமென்.

அவன் முடிச்சாச்சு, இவிய ஆரம்பிச்சாவ. எங்களைச் சிருஷ்டித்துப் பாதுகாத்து வருகிற தேவனேன்னு மெதுவா, ஒவ்வொரு சொல்லா அடுக்கி. கொரல் இன்னைக்கு ஒடஞ்சு ஒடஞ்சு வருது. மனுசனுக்கும் உள்ளுக்குள்ள இருக்கும், இல்லாமலா, அவியளுக்கு வெளிய காட்டத் தெரியாது. ஊரு என்ன சொல்லும், சபையில எப்படித் தலைகாட்ட, பெத்த மவ வாழாம வந்து இருந்தா அடுத்த வீட்டுக்காரி என்ன பேசுவா, அதுக்குள்ளயே கெடந்து உழலுதாவ. இவியளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆமென் சொல்லிட்டா அது கையெழுத்துப் போட்ட மாதிரி, பொறவு பேச்சு மாத்தக்கூடாதும்பாவ. பிள்ளையளுக்கும் அப்படித்தான் சொல்லி வளத்தாவ, புரியாத ஜெபத்துக்கு ஆமென் சொல்லாதீங்கன்னு. அப்போ இன்னைக்கு இந்த ஜெபம் முடிஞ்சு ஆமென் சொன்னா நானும் கையெழுத்துப் போட்ட மாதிரிதான. எம்பிள்ளைய அடிக்க அனுப்புறதுக்கு எங்கையெழுத்து. கொசு. காதுகிட்ட வந்து ஙொய்ங்குது. ஒரு அடி விட்டா சனியன் சாவும், ஆனா சத்தம் கேக்கும். ஜெபத்துல சத்தம் போடக்கூடாது, ஜெபிக்கிற ஆள மறிக்கவும் கூடாது, அது எங்க ஆட்கள்ட்ட எழுதாத சட்டம். ஒரு கல்யாண வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னால ஒரு அண்ணாச்சிய ஜெபிக்கச் சொன்னாவ. மனுசன் எந்திச்சு, தம்பிக்காரன் கெணத்துப் பங்க ஏமாத்துனதுல இருந்து ஒவ்வொண்ணா ஆண்டவர்ட்ட முறையிட ஆரம்பிச்சுட்டாரு. தம்பிக்காரன் பக்கத்துலதான் நிக்கான், மூஞ்சி செவந்து போயி. ஐயா நிறுத்தும்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. ஆண்டவர்ட்ட பேசிக்கிட்டு இருக்கிறவன எப்படி நிறுத்த? பிரியாணி ஆறிப்போச்சு. நானும் எப்சியும் வீடு வந்து சேருற வரைக்கும் சிரிச்சோம். அப்ப அவ பாவாட சட்டை போட்ட பிள்ள. முதல் விசிலு. எந்திக்கலாமா? வேண்டாம், ரெண்டாவதுல பாத்துக்கிடலாம். இவிய முடிச்சுட்டாவ. ஆமென்.

இப்ப எப்சி ஜெபிக்கணும். சத்தமில்ல. ஃபேன் மட்டும் கிறீச்கிறீச்சுங்குது. எப்சி பக்கத்துச் சுவருக்கு அந்தப்பக்கம், பக்கத்து வீட்டு டிவியில யாரோ ஓங்கி அழுதா. என்ன இவ, ஜெபிக்க மாட்டேங்கா. கோவமா? இருக்கட்டும், நல்லா இருக்கட்டும், ஜெபிக்காதட்டி, பிடிவாதமா இரு. உபதேசியாரு தொண்டையக் கனைச்சாவ. அவ அசையல. எப்சி, அப்படீன்னான் கிளாட்சன், தேன் கொரல்ல. அசையல. நான் முக்காட்ட விலக்கிப் பாத்தேன். கண்ண இறுக்கி மூடி, கைய கோத்து, உதட்ட மடிச்சு, தன் முறைக்குக் காத்துக்கிட்டு நிக்கா. கோவமே இல்ல. அப்பா இன்னும் ஜெபிச்சிக்கிட்டு இருக்காவன்னு நெனச்சுக்கிட்டு நிக்கா. அப்பாவுக்க ஆமென் அவளுக்குக் கேக்கல. அப்பா இடப்பக்கம். அவன் கூப்பிட்டதும் இடப்பக்கம். ஏசப்பா. ஏசப்பா, எனக்கு இப்பதான் ஒறைக்குது. வந்த நாள்ல இருந்து செல்போன எடுத்து வலது காதுலதான் வைக்கா. நான் இடப்பக்கமா நின்னு கூப்பிட்டா முழு ஒடம்பையும் திருப்பித்தான் என்னம்மாங்கா. ராத்திரி படுக்கையில வலது பக்கமாவே சரிஞ்சு படுக்கா, எம்மா இப்படிப் படுத்தாத்தான் ஒரு சத்தமும் இல்லாம தூக்கம் வருதுன்னா, நானும் சரி மக்கான்னு போர்வைய இழுத்துவிட்டேன். போர்வைய இழுத்துவிட்டனே. பெத்தவளா நான்? இத்தன நாளும் எம்பிள்ளைக்கு ஒரு காது இல்லன்னு தெரியாம மீனுக்கு மாங்கா போட்டுக்கிட்டு இருந்திருக்கனே. இவிய கண்ண மூடிக்கிட்டே முழங்கையால அவள லேசா இடிச்சாவ, ஜெபிம்மான்னு. அவ்வளவுதான், அவ வெருண்டு ரெண்டு கையையும் தூக்கி மூஞ்சிய மறைச்சா. தலைய உள்ளுக்கு இழுத்துக்கிட்டு, தோள உயத்திக்கிட்டு. பெத்த தகப்பன் முழங்கை பட்டதுக்கு. எங்க வீட்டு நாலு சுவத்துக்குள்ள. பொறவு நெனவு வந்து கைய இறக்கிட்டு, ஏசப்பா ஸ்தோத்திரம், எல்லாரையும் ஆசீர்வதியும், ஆமென் அப்படீன்னா. சத்தமா. அவ்வளவு சத்தம் வேண்டாம், அவளுக்கு அது தெரியல. இவிய கண்ண மூடி இருந்ததுனால ஒண்ணும் பாக்கல. உபதேசியாரும் பாக்கல. நான் பாத்தேன். என்னய மாதிரி இன்னொருத்தனும் பாத்தான். அவன் தலை அவ பக்கமா திரும்பி இருந்துச்சு, கண்ணு தொறந்து இருந்துச்சு, மூஞ்சியில ஒரு வருத்தமும் இல்ல, வண்டி டயர்ல காத்து இருக்கான்னு பாக்கிறவன் மாதிரி பாத்தான். அவனுக்குத் தெரியும். காது போனது அவனுக்குத் தெரியும்.

உபதேசியாரு ஆரம்பிச்சுட்டாவ, அது ஓடட்டும், எனக்கு இனி ஒண்ணும் காதுல ஏறாது. இப்ப எந்திக்கணும். எந்திச்சு அருவாமனைய எடுக்கணும். இல்ல அது வேண்டாம், அது கனம், பலகையோட வரும், கொழம்புச் சட்டி போதும், கொதிக்கிற சட்டிய அப்படியே துணியால பிடிச்சுத் தூக்கி பிடரியில ஊத்திரலாம், காலருக்குள்ள எறங்கட்டும், மாங்காயும் மீனும் மொளவுமா எறங்கட்டும், கத்தட்டும், எம்பிள்ள கத்தாம வாங்குன அடிக்கெல்லாம் சேத்து கத்தட்டும். இல்ல, காது. அவன் இடது காது. பிடிச்சு இழுத்து, வேரோட. என் கை வெரலு பாயப் பிச்சுக்கிட்டு இருக்கு, கோர நார் நாரா வருது. பல்லு கிட்டிக்கிட்டு. ஏசப்பா, நீரு எங்க இருக்கீரு? சொவத்துல காலண்டர்ல சிரிச்சுக்கிட்டு நிக்கீரே, ஆட்டுக்குட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு, என் ஆட்டுக்குட்டிய யாரு தோள்ல போட்டீரு? நான் ஒம்மகிட்டதான கேட்டேன், நல்ல மாப்ளையா தாரும்னு, உபவாசம் இருந்து கேட்டேன், இந்த நாயத்தான் தந்தீரா? நீரு கேக்க மாட்டீரு, ஒமக்கும் எந்தப் பக்கத்துக் காது போச்சோ. ஐயோ, என்ன சொல்லிட்டேன். மன்னியும். இல்ல, மன்னிக்க வேண்டாம், நல்லா கேளும். நான் இவனக் கொல்லப் போறேன். வெளயாட்டுக்குச் சொல்லல. இன்னும் கொஞ்ச நேரத்துல எந்திச்சுருவேன், எந்திச்சேன்னா பொறவு நான் என் வசம் இல்ல. நான் ஜெயிலுக்குப் போவேன், போறேன், அங்கயும் சோறாக்கச் சொல்லுவானுவ, ஆக்கிப் போடுதேன். ஆனா எம்பிள்ள? கொலகாரிக்க மவளுன்னு ஒரு காத வச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேக்கணுமே அவ. அவன் செத்தாலும் அவளத்தான அடிச்ச மாதிரி ஆவும். அப்ப என்ன செய்ய? சொல்லும். ஒமக்கு வாய் இல்லையா? அவனப் பாக்காம இருக்கேன், பாத்தா கை போவும். இன்னா, இந்தக் கைய நீரே வச்சுக்கிடும். என்னால முடியல. மெய்யாவே என்னால முடியல. இந்த ரெண்டு கையையும் எடுத்துக்கிட்டுப் போயிரும், அடுப்ப நீரு பாரும், அவன நீரு பாரும், என்ன வேணும்னாலும் செய்யும், எங்கிட்ட கேக்க வேண்டாம். என் மவள மட்டும் எங்கிட்ட விட்டுரும். பாயில இருந்து வெரல எடுத்து, ரெண்டு உள்ளங்கையையும் மேல பாக்க மடியில வச்சேன். மீன் வாசம் இன்னும் போவல.

ரெண்டாவது விசில். எந்திக்கணும்னு கால் தானா ஒரு அசைவு அசைஞ்சு அப்படியே நின்னுட்டு. நான் நிறுத்தல. அதுவா நின்னுச்சு. மூணாவதும் அடிச்சுச்சு. சோறு கொழையும். கொழையட்டும். கொழம்பு சிம்முல வத்தும். வத்தட்டும். இது என்னது? எனக்குள்ள யாரோ ஒருத்தர் வந்து பெரிய சத்தத்துல ஓடிக்கிட்டு இருந்த மோட்டார நிறுத்திட்ட மாதிரி இருக்கு. கோவம் போவலையே. அப்படியேதான் இருக்கு, நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கு, ஆனா அது என்னத் தூக்கிக்கிட்டு ஓடல. கொசு கன்னத்துல உக்காந்து குடிக்கி, குடிச்சுட்டுப் போட்டும். டிரைவர் பாட்ட மாத்துதான், கேக்கு. உபதேசியாரு பிரிந்த குடும்பம் ஒன்றாகச் சேரட்டும்னு சொல்லுதாவ, அதுவும் கேக்கு. எல்லாம் கேக்கு, ஒண்ணும் என்ன இழுக்கல. இதையா இத்தன வருசமா எல்லாரும் ஜெபம் ஜெபம்னு சொன்னாவ? நான் இது அமைதியான ஆட்களுக்கு மட்டும் கெடைக்கிறதுன்னுல்லா நெனச்சேன். கொல பண்ண இருந்தவ மடியிலயா கொண்டாந்து போடுவீரு? உபதேசியாரு ஆமென்னாவ. அம்மா, முடிவு ஜெபம் சுருக்கமா பண்ணிருங்க, அப்படீன்னாவ.

நான் மொழங்காலாலயே நவுந்தேன். பாய்மேல, இவியளுக்குப் பின்னாலகூடி, சுவரோரமா, எப்சிக்க வலப்பக்கம் போயி நின்னேன். அவ தோளோட என் தோள் ஒட்டுற மாதிரி. அவ கண்ணத் தொறந்து என்னப் பாத்தா. தொறந்துக்கோட்டி, ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு அவ காதுல சொன்னேன். பொறவு ஜெபிச்சேன்.

"அன்பான ஏசப்பா, ஒமக்கு ஸ்தோத்திரம். எனக்கு அழகா ஜெபிக்கத் தெரியாது, ஒமக்கே தெரியும். இந்த வீட்டுக்கு இன்னைக்கு வந்திருக்கீரு, அதுக்கு ஸ்தோத்திரம்."

"ஆமா தகப்பனே" அப்படீன்னாவ உபதேசியாரு.

"எம்பிள்ளைக்கு இடது காது கேக்கல ஏசப்பா. அவ எங்ககிட்ட சொல்லல. கிளாட்சன் அடிச்ச அடியில போச்சு."

"ஆமா ஆண்டவ..." உபதேசியாருக்க வாய் பாதியில நின்னுட்டு. இவியகிட்ட இருந்து மூச்சு உள்ள போன சத்தம் கேட்டுச்சு, வெளிய வந்த சத்தம் கேக்கல.

"ஜெபத்துல கண்ணத் தொறந்தான்னு அடிச்சான். தலைமுடியப் பிடுங்கியிருக்கான், வந்து தொட்டுப் பாரும், ஒமக்குத் தெரியும், இவ அப்பாவுக்குத்தான் தெரியாது. இவ கண்ணத் தொறந்தது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு எங்களுக்குத் தெரியல. நீரு கண்ண மூடாதவரு, ஒமக்குத் தெரியும். இப்பவும் அவன் கண்ணு தொறந்துதான் இருக்கு."

தொறந்துதான் இருந்துச்சு. இவியளுக்க முதுகத் தாண்டி என்னப் பாத்தான். நானும் பாத்தேன். வாயத் தொறந்தான், அத்தைன்னு. உபதேசியாரு படக்குன்னு அவன் முழங்கையப் பிடிச்சு, "ஸ்ஸ்... ஜெபம்" அப்படீன்னாவ. பாவம், அவியளுக்கு அதுதான் தெரியும், ஜெபத்த யாரும் மறிக்கக்கூடாது.

"நான் அவனக் கொல்லணும்னு நெனச்சேன் ஏசப்பா. இந்தப் பாயில நின்னுக்கிட்டேதான் நெனச்சேன். கைய ஒம்மகிட்ட குடுத்துட்டேன், திருப்பித் தராதேயும். அவன நீரு பாத்துக்கிடும், போலீசு டாக்டருன்னு ஒமக்கு எத்தனையோ ஆளு இருக்கு, நாளைக்கு நாங்க அவியகிட்ட போறோம், வழிய மட்டும் காட்டும். இவ இந்த வீட்டுல இருப்பா. இன்னைக்குப் போவல. நாளைக்கும் போவல. ஊரு பேசுனா பேசட்டும், அத நாங்க கேட்டுக்கிடுதோம், எங்களுக்கு ரெண்டு காது இருக்கு. கார அனுப்பிவிடும். இத நான் ஒம்ம சமுகத்துல சொல்லுதேன், இனி மாத்த மாட்டேன். ஏசுவின் நாமத்துல கேக்கேன் நல்ல பிதாவே, ஆமென்."

ஃபேன் சத்தம். டிரைவர் பாட்டு. பொறவு எம்பிள்ள சொன்னா, தெருவுக்கே கேக்கிற மாதிரி, "ஆமென்" அப்படீன்னு. அவ சத்தத்துல இவிய ஒடம்பு ஒரு குலுங்கு குலுங்குச்சு. கைய எடுத்து, அவளத் தொடாம, பயந்துறக்கூடாதேன்னு அவ முன்னாலகூடி மெதுவா நீட்டி, அவ கண்ணு பாக்கிற மாதிரி காட்டி, பொறவுதான் அவ தலைய, முடியில்லாத அந்த எடத்தத் தேடி வச்சாவ. வச்சதும் முகம் கோணிட்டு. "ஆமென்" அப்படீன்னாவ. கையெழுத்துப் போட்டாச்சு. கிளாட்சன் சொல்லல, எந்திக்கப் போனான், கைக்குட்ட மொழங்கால்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. உபதேசியாருக்கு என்ன செய்யன்னு தெரியல, தெரியாத நேரத்துல அவிய எப்பவும் செய்யறதச் செஞ்சாவ, கர்த்தருடைய ஜெபம் சொல்லுவோம்னு ஆரம்பிச்சுட்டாவ. பாதி எந்திச்சவன் திரும்பவும் மொழங்கால ஊன வேண்டியதாப் போச்சு. எல்லாரும் சேந்து சொன்னோம். குற்றம் செஞ்சவங்கள நாங்க மன்னிக்கிறதுபோலன்னு வார அந்த வரி வந்தப்ப நான் வாய மூடிக்கிட்டேன். ஏசப்பா, அத பொறவு பாத்துக்கிடுவோம், நீரும் நானுமா. ஜெபம் இன்னும் முடியல, அதுக்குள்ள வீடெல்லாம் கருகுன வாசம். சட்டி அடிப்பிடிச்சுட்டு, மீனெல்லாம் போச்சு. எப்சி என் பக்கமா சாஞ்சு, அவ நெனப்புல மெதுவா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னா.

"எம்மா, கொழம்பு கருகுது."

நான் எந்திக்கல. அவ வலது காதுகிட்ட வாய வச்சு, "கருகட்டும் மக்கா, நீ ஜெபத்த முடி" அப்படீன்னேன்.